பிளானில் இல்லாத அடுப்படி

போன செவ்வாய்க்கிழமை ஒரு நகராட்சி ஆபீசர், அளவு டேப்பின் முனையை என் கையில் கொடுத்து, "சுவரோடு ஒட்டிப் பிடிங்க" என்றார். பிடித்தேன். அப்போது பிடித்த குழப்பம் இன்னும் விடவில்லை.

சுவர் பார்வதி அக்காவுடையது. ஜெலாப்பாங்கில், எங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், கடைசி வரிசை. தோட்டத்து லயத்தை விட்டு வந்து அவரும் கணவர் முனியாண்டியும் வாங்கிய வீடு. பின்னால் ஒரு காலி இடம். அதற்கு அப்பால் பலகைத் தொழிற்சாலை. மரத்தூளை வெளியே தள்ளுவதற்காக மூன்று மாதத்துக்கு முன் அதன் பின்சுவரில் ஒரு காற்றாடி வைத்தார்கள். ஆள் உயரம்! அது சுற்ற ஆரம்பித்தால் அக்கா வீட்டு அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று சண்டை போடும்.

முனியாண்டிக்கு இராத்திரி ஷிப்ட். பகலில்தான் தூங்க வேண்டும். எங்கே தூங்க? கண் இரண்டும் மிளகாய்ப் பழம். போன மாதம் வேலையில் மெஷின் முன்னால் கண் சொக்கி... மயிரிழையில் கை தப்பியது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"காத்தாடிக்கும் வீட்டுக்கும் நடுவுல நூறடி இருக்கணும்னு அவங்க லைசென்ஸ்லயே இருக்காம்லா. நான் மனு எழுதுறேன்க்கா!"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்தப் பழமொழியைச் சொன்னவருக்கு என்னைத் தெரியும் போலிருக்கிறது.

மனுவைப் பார்த்துத்தான் அந்த ஆபீசர் வந்தார். அளந்தோம். தொண்ணூற்று நான்கு அடி! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆபீசர், நல்ல மனிதர், மலாய்க்காரர், பையிலிருந்து வீட்டுப் பிளானை எடுத்தார். பிளானைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி பிளானைப் பார்த்தார்.

"இந்த அடுப்படி இதில் இல்லையே?"

இல்லைதான். வீட்டோடு வந்த அடுப்படியில் அம்மியை வைத்தால் ஆள் நிற்க முடியாது. அதனால் அந்த வரிசையில் எல்லாருமே பின்னால் பன்னிரண்டு அடி இழுத்துக் கட்டினார்கள். பெர்மிட்டா? அதெல்லாம் யார் கேட்டார்கள்?

ஆபீசர் மலாயில் பொறுமையாக விளக்கினார். அடுப்படி இல்லை என்றால் தூரம் நூற்று ஆறு. காற்றாடி அங்கேயே இருக்கலாம். இருக்கிறது என்றால் தொண்ணூற்று நான்கு. ஆனால் பெர்மிட் இல்லாததை இடிக்கச் சொல்லி அவர் எழுத வேண்டும். இடித்தால்... மறுபடி நூற்று ஆறு. காற்றாடி அங்கேயே இருக்கலாம்!

"அப்ப நான் இப்ப எங்க நிக்கிறேன் துவான்?" என்றார் அக்கா, கரண்டியும் கையுமாக அதே அடுப்படியில் நின்றுகொண்டு. பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க நாலெழுத்துப் படிச்சவங்க. இருக்குன்னு சொல்லவா, இல்லன்னு சொல்லவா?"

நான் படித்ததெல்லாம் பழைய பேப்பர்.

வெளிநாட்டில் மின்சாரம் எடுக்கத் தென்னையைவிட உயரமான காற்றாடிகளை நட்டுவிட்டு, வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி வைப்பது என்று முட்டிக்கொள்கிறார்களாம். அதே பழைய பேப்பரில் பார்த்ததுதான். எந்தச் சுவரிலிருந்து அளக்கிறார்கள் என்று மட்டும் போடவில்லை. அங்கேயும் யாராவது ஒரு பார்வதி அக்கா அடுப்படியை இழுத்துக் கட்டியிருக்க மாட்டாரா?

"இல்லன்னே எழுதிக்குங்க துவான்" என்றார் அக்கா கடைசியில். "பொங்கித் திங்க எடம் வேணும்ல."

ஆபீசர் எழுதினார். அக்கா போட்ட டீயை அங்கேயே நின்று குடித்தார். போய்விட்டார்.

உள்ளேயிருந்து கைலியை இறுக்கிக்கொண்டே முனியாண்டி வந்தார். அன்றும் தூங்கவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். காற்றாடிச் சத்தத்தில் பாதியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"சரி மச்சான். அடுப்படி பிளான்ல இல்ல. என் தூக்கம் எந்தப் பிளான்லயாச்சும் இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மனுவிலும் அடிக்கணக்கைத்தான் எழுதியிருந்தேன்.