அடுத்த நாள் வராத பேப்பர்

டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத்துத் துணித் தொழிற்சாலையில் என்னோடு ஒரு சீனர் வேலை செய்தார். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. கன்டீன் சுவரில் ஒட்டியிருக்கும் சாப்பாட்டு விபரத்தைக்கூட எழுத்தெழுத்தாக விரல் வைத்துத்தான் வாசிப்பார்.

ஏனென்று ஒருநாள் கேட்டேன். சீனாவில், தன் மாகாணத்து வணிகப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துபவராக இருந்தாராம். அவர் டெனிஷில் சொன்னது எனக்கு எங்கள் தமிழிலேயே கேட்டது.

"பிழை விடாத பேப்பர் எங்கை இருக்கு? மற்றவை திருத்தத்தை உள்பக்கத்திலை ஒளிச்சு வைப்பினம். நாங்கள் அடுத்த நாளே முதல் பக்கத்திலை போடுவம்." சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"இப்பவும் வருதோ?"

"இல்லை, நிண்டுபோச்சு. கடைசிப் பேப்பரிலை ஒரு நூல் ஆலையை மூடியாச்சு எண்டு பிழையாப் போட்டிட்டம். திருத்தம் போட அடுத்த நாள் பேப்பர் இல்லை."

"பிறகென்ன செய்தனீங்கள்?"

"ஆரைக் கண்டாலும் நானே சொல்லுறன். அந்த ஆலை மூடேல்லை, இப்பவும் ஓடுது." பிறகு எழுந்து நின்று, அச்சில் வருவது போலவே முடித்தார். "தவறுக்கு வருந்துகிறோம்."

'வருந்துகிறேன்' அல்ல, 'வருந்துகிறோம்'. நின்றுபோன பத்திரிகை முழுவதும் அந்த ஒற்றை மனிதருக்குள் நிமிர்ந்து நின்றது.

அன்று வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றும்போதே மனைவியிடம் சொன்னேன்.

"அந்த ஆலை மூடேல்லையாம்."

"எந்த ஆலையப்பா?" என்றாள்.

பெயர் கேட்க மறந்திருந்தேன். ஆனாலும் திருத்தம் இன்னுமொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.