நீல முறுக்கும் நாற்றங்கால் மடையும்

நேற்று வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடலாமென்று வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். அது இழையாக இறங்கிச் சுருண்டுகொண்டே போனதைப் பார்த்துச் சட்டையை மறந்து நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் அதற்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. சொட்டு நீலத்தின் வாசனை வந்தால் எனக்குத் துணி ஞாபகம் வராது, விமானம்தான் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

பொறியியல் கடைசி வருடம். எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் சேர்த்து ஒரே புராஜெக்ட். சில போர் விமானங்களுக்கு இறக்கை முக்கோணமாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். மூக்கைத் தூக்கிக்கொண்டு அது பறக்கும்போது, கீழே இருக்கும் காற்று கூரான விளிம்பைத் தாண்டி மேலே ஏறி, இரண்டு பக்கமும் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குதான் இறக்கையை உறிஞ்சித் தூக்குகிறது. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினாலோ முறுக்கு பட்டென்று உடைந்து கலைந்துபோகும். எந்தக் கோணத்தில் எங்கே உடைகிறது என்று நாங்கள் காட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் போட்டு வண்ண வண்ணமாகப் படம் கொண்டுபோனோம். துறைத் தலைவர் புரட்டிப் பார்த்தார். "கோலம் நல்லாருக்கும்மா. நெசத்துல காட்டுங்க. இல்லன்னா அடுத்த செமஸ்டர் பாத்துக்கலாம்." நிஜத்தில் காட்டுவதற்கான காற்றுச் சுரங்கமோ, மோட்டார் புகைந்து பூட்டிக் கிடந்தது.

ஆறு மாதம் போனால் போகட்டும் என்று நான் இருந்திருப்பேன். ஸ்டெல்லாவுக்கு அப்படியில்லை. அவளுக்கு நாகூர்ப் பக்கம். நர்ஸ் வேலை பார்க்கும் அம்மாவின் ஒற்றைச் சம்பளத்தில் ஓடுகிற வீடு. பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. அந்த மாதமே படிப்பை முடித்தால்தான் வேலை என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள்.

காற்று இல்லாவிட்டால் என்ன, தண்ணீரிலும் அதே முறுக்கு விழும். தண்ணீருக்கா எங்கள் ஊரில் பஞ்சம் என்று முதல் நாள் ஆற்று வாய்க்காலில் இறக்கையை வைத்தேன். ஆற்றில் புதுத்தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது. நீலம் போன இடம் தெரியவில்லை. பிறகுதான் புத்தி வந்து, அப்பாவின் பம்புசெட் சிமெண்டு வாய்க்காலுக்கு மாறினோம். போர்வெல் தண்ணீர் தெளிவாக ஓடும். போர்டு எழுதும் கடையில் வெட்டி வாங்கிய பிளாஸ்டிக் முக்கோணம்தான் இறக்கை. அதன் மூக்கில் ஸ்டெல்லாவின் அம்மா கொடுத்த புது குளுக்கோஸ் டியூப், டியூபுக்குள் சொட்டு நீலம்.

திறந்துவிட்டதும் இரண்டு விளிம்போரமும் இரண்டு நீல இழைகள் முறுக்கிக்கொண்டு ஓடின. "ஏய், நெசமாவே வருதுடி!" என்று ஸ்டெல்லா கத்திய கத்தலில் வயலில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. ஆனால் எத்தனை முறை செய்தாலும் வலப்பக்க இழை முந்திக்கொண்டு உடைந்தது. இரண்டும் ஒரே இடத்தில் உடைந்தால்தான் கணக்கு சரி. நாலு நாள் இறக்கையைத் தேய்த்தோம், கழற்றி ஒட்டினோம். நான்தான் பெரிய மேதையாயிற்றே, இந்த ஓரவஞ்சனைக்குப் புதுக் கோட்பாடே பதினோரு பக்கம் எழுதி வைத்துவிட்டேன்.

கெடுவுக்கு முந்தின நாள் ஸ்டெல்லா இறக்கையை விட்டுவிட்டு வாய்க்காலின் சுவரைப் பார்த்தாள்.

"இது என்னடி ஓட்டை?"

"ஓட்டையா? மடைடி. நாத்தங்காலுக்குத் தண்ணி போவுது."

"தண்ணி அங்க போச்சுன்னா, எறக்கை மேல சாஞ்சுல்ல வரும்?"

உச்சந்தலையில் குட்டியது போலிருந்தது. மடை இருந்தது இடப்பக்கம், உடைந்தது வலப்பக்கம். ஓட்டம் எந்தப் பக்கமிருந்து சாய்ந்து வருகிறதோ அந்தப் பக்கத்து முறுக்குதான் முதலில் உடையும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வாய்க்கால் என்றிருந்தால் மடை என்று ஒன்று திறந்திருக்கும், நாற்று நிற்கும்போது அதை அடைக்கக் கூடாது என்றே வளர்ந்தவள் நான். நாலு நாளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் என் கண்ணில் படவில்லை.

இறக்கையை மேலே தள்ளி வைத்தால் குழாய்த் தண்ணீர் விழுந்து கொந்தளித்தது. கீழே போனால் வாய்க்கால் வளைந்தது. மண்ணை வெட்டி மடையில் போட்டேன். தண்ணீர் கலங்கி நீலமே தெரியவில்லை. வாரி எறிந்தேன். பம்புக்கு வரும் மும்முனை மின்சாரம் நிற்க அரை மணி நேரம்தான் பாக்கி. ஸ்டெல்லா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். "நீ போட்டோ எடு" என்று சொல்லிவிட்டு, மடைக்கு வெளியே சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதுகால் மடையை அடைத்துக்கொண்டாள். "மாதாவே, என்னா குளுருடி!"

இரண்டு இழைகளும் நிமிர்ந்தன. இரண்டும் ஒரே இடத்தில் உடைந்தன. நான் படம் படமாக எடுத்துத் தள்ளினேன்.

நாற்றங்காலுக்குத் தண்ணீர் வரவில்லையே என்று அப்பா மண்வெட்டியோடு வந்தார். "யாரும்மா அது, மடைய அடச்சிகிட்டு?"

"நான்தாம்ப்பா, ஸ்டெல்லா. இன்னும் ரெண்டே ரெண்டு போட்டோ."

"நல்ல கூத்து! நாத்து நனையுறதுக்கு நீ நனையுற" என்று சிரித்தபடி அந்த இரண்டு போட்டோவுக்கும் நின்றார்.

மறுநாள் வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்டவர், "ஓட்டத்தை எப்படிச் சமப்படுத்துனீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா என் காலை மிதித்துவிட்டு, "பக்கவாட்டுக் கசிவை அடைச்சோம் சார்" என்றாள். சொல்லி முடித்ததும் ஒரு தும்மல். அந்த மாதமே பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டாள்.

வாய்க்காலை இடித்து மண்ணுக்கடியில் பைப் போட்டாயிற்று. மடை இருந்த இடம் எனக்கே தெரியாது. ஸ்டெல்லாவோடு பேசியும் வருடக்கணக்காகிறது. சண்டை ஒன்றுமில்லை, நாள் ஓடிவிட்டது. என்னோடு இப்போது வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒரு வேலை சிக்கிக்கொண்டால் யோசிக்காமல் சேற்றில் உட்காருகிறவள் அவள் ஒருத்திதான். அன்று எடுத்த பதினாறு படங்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றில்கூட ஸ்டெல்லா இல்லை. கேமராவைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும், எனக்குத் தோன்றவே இல்லை.