மாயாபந்தரின் ஜம்புலிங்கங்கள்

மாயாபந்தர் வாக்காளர் பட்டியலில் ஜம்புலிங்கம் என்று முடிகிற பெயர்கள் நாற்பத்தேழு இருக்கின்றன. அந்த நாற்பத்தேழு பேரில் ஒருவருக்கும் ஜம்புலிங்கம் அப்பனும் இல்லை, பாட்டனும் இல்லை. கேட்கிற வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நல்லதம்பிக்குச் சிரிப்பு வராது. எழுபத்தேழு வயதிலும் ரேஷன் கடையில் யாராவது "ஜம்புலிங்கம் ஜி" என்று கூப்பிட்டால் மனிதர் அசைய மாட்டார். "என் பேரு நல்லதம்பி. அப்படிக் கூப்பிடு, வர்றேன்" என்பார். கூப்பிடும்வரை வரிசை நின்றது நின்றபடி நிற்கும்.

நமக்கு ஏது ஐயா சர்நேம்? அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு வாழ்ந்துவிட்டுப் போகிறவர்கள் நாம். பிள்ளை காலத்தில் அந்த எழுத்தும் மாறிவிடும். ஆனால் பத்து மொழிக்காரர்கள் இந்தி பேசிக் காலம் தள்ளுகிற இந்தத் தீவில் இந்தக் கணக்கு எடுபடவில்லை. பெயருக்குப் பின்னால் வால் வேண்டும் என்றார்கள். நல்லதம்பிக்கு வாய்த்த வால் அவருடைய மேஸ்திரியின் பெயர்.

1966இல் ரோடு வேலைக்கு வந்த இருபத்தொரு பேரில் நல்லதம்பியும் ஒருவர். அப்போது வயது பத்தொன்பது. பதினான்கு பேர் முதுகுளத்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள், நாலு பேர் ஸ்ரீகாகுளத்துத் தெலுங்கர்கள், மூன்று பேர் ராஞ்சிக்காரர்கள். எல்லாருக்கும் மேஸ்திரி அருப்புக்கோட்டை ஜம்புலிங்கம். முகாமில் அரிசி கொடுக்க ஒரு பட்டியல் போட்டார்கள். ஆளின் பெயர் ஒரு கட்டத்தில், யாருடைய ஆள் என்பது அடுத்த கட்டத்தில். மறுவருஷம் அதை யாரோ டைப் அடித்தபோது நடுவிலிருந்த கோட்டை விட்டுவிட்டார்கள். இருபத்தொரு பேரும் ஒரே நாளில் ஜம்புலிங்கம் ஆனார்கள். கேட்க நாதியில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அன்றைக்கு அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு எந்த அதிகாரி வந்தாலும் "பூரா நாம் க்யா ஹை?" என்று முழுப் பெயரைக் கேட்பார், ரேஷன் அட்டையைப் பார்ப்பார், அப்படியே எழுதிக்கொண்டு போவார். நல்லதம்பியின் மகள் இந்திராணி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது அவளும் ஜம்புலிங்கம். கல்யாணமாகியும் போகாத பெயர் அது. இன்றைக்கு அதே பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கிறாள், மேசைமேல் பெயர்ப்பலகையில் இந்திராணி ஜம்புலிங்கம் என்றுதான் இருக்கிறது. நல்லதம்பி அந்த அறைக்குள் போனதே கிடையாது.

வெறும் பெயர்தானே, இத்தனை வீம்பு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 1969இல் ஊரில் நல்லதம்பியின் அம்மா இறந்துபோனார். ஒரே மகன். கடிதம் மேஸ்திரி கைக்கு வந்தது. அப்போது ஓடைமேல் பாலம் பாதியில் நின்றது. ஜம்புலிங்கம் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாலம் முடிந்து, மெயின்லேண்டுக் கப்பலும் போன பிறகு இருபத்து மூன்றாம் நாள் எடுத்துக் கொடுத்தார். "அன்னைக்கே குடுத்திருந்தா நீ போயிருப்ப. உன் பின்னாடி நாலு பேரு போயிருப்பான்" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து, மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் மேஸ்திரி அதே முகாமில் செத்துப்போனார். நல்லதம்பிக்கு மனம் ஆறவில்லை. செத்தவன் பெயரைச் சுமக்கும்படி ஆனதில் எரிச்சல் கூடத்தான் செய்தது.

போன மாசி மாதம் ஒரு நாள் காலையில் அவர் வாசலில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் குடையும் கையுமாக வந்து நின்றார், கூடவே மகன். அந்த அம்மாள் கையில் ஒரு காகிதம் இருந்தது.

"நல்லதம்பி ஜம்புலிங்கம்ங்கிறது நீங்களாய்யா?"

"நல்லதம்பி. என்ன வேணும்?"

"என் பேரு மங்கையர்க்கரசி. அருப்புக்கோட்டை. டீச்சரா இருந்து ரிட்டயர்டு ஆயிட்டேன். இவன் என் மகன் சுதாகர்." கொஞ்சம் நிறுத்தினார். "மேஸ்திரி ஜம்புலிங்கம் எங்கப்பா."

நல்லதம்பியின் கை நின்றது. இந்திராணி உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அந்த அம்மாள் உட்காரவில்லை.

"எனக்கு அஞ்சு வயசுல இங்க வந்தாரு. பத்து வயசுல, செத்துட்டார்னு தந்தி வந்துச்சு. இங்க ஒரு குடும்பம் வச்சிருந்தார்னு ஊர்ல பேசுவாங்க. எங்கம்மா சாகிற வரைக்கும் நம்பல, நானும் நம்பல. போன வருஷம் சுதாகர் நெட்ல இந்த லிஸ்டை எடுத்துக் காமிச்சான். நாப்பத்தேழு பேரு. அன்னைக்கே அப்பா படத்தைக் கழட்டி பீரோவுக்கு அடியில போட்டுட்டேன்." காகிதத்தை நீட்டினார். "சண்டைக்கு வரலய்யா. உள்ளதைச் சொல்லுங்க, போதும். இவங்கள்லாம் என் அப்பா பிள்ளைங்களா?"

நல்லதம்பி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், அந்த அம்மாள் தானாக ஒரு முடிவுக்கு வந்து பஸ் ஏறிவிடுவார். படம் பீரோவுக்கு அடியிலேயே கிடக்கும். ஐம்பத்தைந்து வருஷமாகத் தீர்க்க முடியாத பழி வாசலில் வந்து குடையோடு நிற்கிறது. உண்மையைச் சொல்வதென்றால் அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்த அம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து வயதில் தந்தியைப் படித்தவரின் வாயையும் இப்படித்தான் பார்த்து நின்றிருப்பார் என்று அவருக்குத் தோன்றியது.

"இந்திரா, பத்ரஸை வரச் சொல்லு" என்றார்.

பக்கத்து வீட்டு ராஞ்சிக்காரர் பத்ரஸ் கழுத்தில் சிலுவையோடு வந்து, "க்யா பாத் ஹை, நல்லதம்பி?" என்று விசாரித்தார்.

"இவனும் ஜம்புலிங்கந்தான். லிஸ்டுல பாரு தாயி. பத்ரஸ் ஜம்புலிங்கம். அந்தத் தெருவுல அப்பாராவ் ஜம்புலிங்கம்னு ஒரு தெலுங்கு ஆளு இருக்கான். ஒங்கப்பன் ராஞ்சிக்கும் ஸ்ரீகாகுளத்துக்கும் போயா குடும்பம் வச்சான்?"

"அப்பா, கொஞ்சம் மரியாதையா" என்றாள் இந்திராணி.

"நீ சும்மா இரு." அரிசிப் பட்டியல் கதையை முழுதும் சொன்னார். "நாங்க அவன் ஆளுக, அவ்வளவுதான். இங்க அவனுக்குக் குடும்பமும் கிடையாது, குட்டியும் கிடையாது. ஒத்த ஆளாத்தான் கெடந்தான், ஒத்த ஆளாத்தான் செத்தான்."

மங்கையர்க்கரசி அப்போதுதான் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். சுதாகர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். "நல்ல மனுஷனைத் தப்பா நெனச்சுட்டேனே" என்றார்.

அது நல்லதம்பிக்குப் பொறுக்கவில்லை.

"நல்லவன்னு நான் எங்க சொன்னேன்?" என்றார். சட்டைப்பையில் இருந்த கடிதத்தையும் இருபத்து மூன்று நாளையும் போன கப்பலையும் சொன்னார். எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மகளுக்கே அன்றுவரை பாதிதான் தெரியும். இந்திராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

மங்கையர்க்கரசி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லதம்பி எழுந்து உள்ளே போயிருப்பார். அந்த அம்மாள் வேறொன்று கேட்டார்.

"எங்கப்பாவுக்கு யாருய்யா கொள்ளி வச்சது?"

"நாந்தான்."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆபீசரு லிஸ்டைக் கொண்டாந்து பாத்தாரு. மேல என் பேரு. நல்லதம்பி ஜம்புலிங்கம். 'பேட்டா ஹை?'ன்னு கேட்டாரு, மகனான்னு. இல்லேன்னு சொல்லியிருக்கலாம். மத்தவனெல்லாம் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறான். சொல்லல." தேங்காய் நாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "எங்காத்தாவுக்கு வைக்க முடியாத கை. சும்மாத்தானே கெடக்கு, இவனுக்காவது வைப்போம்னு வச்சேன். கோவம் போயி ஒண்ணும் வைக்கல தாயி. கோவத்தோடதான் வச்சேன்."

பத்ரஸுக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்.

"அண்ணே" என்றார் மங்கையர்க்கரசி. அதுவரை ஐயா என்றவர். "ஒங்கம்மா பேரு என்ன?"

"எதுக்கு?"

"வர்ற ஆடி அமாவாசைக்குச் சுதாகரைக் கூட்டிக்கிட்டு ராமேஸ்வரம் போறேன். எங்கப்பா பேரைச் சொல்லுறப்ப அவங்க பேரையும் சொல்லச் சொல்றேன். எங்கப்பா பேருக்கு முன்னாடியே சொல்லட்டும்."

ரேஷன் அட்டையில் அப்பா பெயர் கேட்டார்கள், பூரா நாம் கேட்டார்கள், ஜில்லா கேட்டார்கள். அம்மா பெயரை இந்தத் தீவில் நல்லதம்பியிடம் ஒருவரும் கேட்டதில்லை.

"அங்கம்மா" என்றார்.

மங்கையர்க்கரசி பேனாவை எடுத்தார். பட்டியலில் முதல் பெயரில் ஜம்புலிங்கத்தை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் தமிழில், டீச்சர் எழுத்தில், 'நல்லதம்பி, தாயார் அங்கம்மா' என்று எழுதிக் காட்டினார். நல்லதம்பி எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து, சரி என்றார்.

அவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு பத்ரஸ், "க்யா ஹுவா?" என்று நடந்ததைக் கேட்டார். ஒன்றுமில்லை, அம்மா பேரைக் கேட்டார்கள் என்று இந்தியில் சொல்ல வந்த நல்லதம்பி, பாதியில் அழுதுவிட்டார்.