காயாத நுண்ணூசி

போன வாரம் என் மனைவி பருத்தித்துறைக்குப் போய்விட்டாள். அவளுடைய தங்கைக்கு ஒப்பரேசன், பக்கத்தில் இருக்க வேண்டும்.

நியாயம்தான். ஆனால் எனக்கு இன்சுலின் குத்துவது யார்?

இதுவரை அவள்தான் குத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு சட்டையை உயர்த்துவதோடு என் கடமை முடிந்துவிடும். துணிச்சலாக எழுதுகிறவன் என்று பெயர் வேறு...

முதல் நாள் காலை ஊசியைத் தொடாமலே இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு வறண்டது, தலை சுற்றியது. பயந்துபோய் மானிப்பாயிலிருந்து பஸ் ஏறினேன், அக்காவின் மகள் யாழினியிடம். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நுண்ணூசி செய்கிறாள். நகமளவு ஒட்டுத்துண்டு. அதில் கண்ணுக்கே தெரியாத ஊசிகள். தோலில் ஒட்டினால் அவை கரைந்து மருந்து உள்ளே போகும். வலிக்காதாம்.

"ஒண்டு ஒட்டிவிடன், பிள்ளை."

"மாமா, இதுக்குள்ளை மருந்தே இல்லை. இன்னும் எலியின்ரை தோலிலைகூட வைச்சுப் பாக்கேல்லை. எலிக்கே அனுமதி எடுக்கவேணும்."

"நான் அனுமதி தாறன்."

அவள் சிரிக்கவில்லை. என் வாடிய முகத்தைப் பார்த்து, ஒன்றைச் செய்து பார்க்க விட்டாள். பசை போன்ற திரவத்தைச் சிலிக்கோன் அச்சில் ஊற்றினேன். காற்றுக்குமிழி போக அதை இயந்திரத்தில் சுழற்றி, காய வைத்தாள்.

"பின்னேரம் வரைக்கும் காயவேணும். தொடாதேங்கோ."

வகுப்புக்குப் போனாள். நான் தொட்டேன். தொட்டது மட்டுமா — உரித்தும் பார்த்தேன்.

திரும்பி வந்தவள் அதை நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டினாள். ஊசிகள் எல்லாம் தலை குனிந்து நின்றன.

"உங்களைப் போலைதான் மாமா. தோலைக் காணமுன்னமே வளைஞ்சிட்டுது."

பின்னேரம் ஸ்கூட்டரில் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்து, இன்சுலின் பேனாவைக் கையில் தந்தாள்.

"நீயே குத்திவிடன்."

"நாளைக்கு ஆர் குத்துறது? அந்த நுண்ணூசி ஆஸ்பத்திரிக்கு வர எத்தனை வருசம் செல்லுமோ தெரியாது. அதுவரைக்கும் நீங்கள் இருக்கவேணும்."

கடைசி வசனம் ஊசியைவிட ஆழமாக இறங்கியது. வயிற்றுத் தோலைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு குத்தினேன்.

சாப்பிட்டு முடிய மனைவி போன் பண்ணினாள்.

"குத்தினியளோ?"

"ஓம்."

"கத்தினியளோ?"

லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.