ரதி அழும் அத்தியாயம்

எனது மூன்றாவது நாவலில் ஒரே ஓர் அத்தியாயம் பாக்கி. காமன் எரிந்த பிறகு ரதி வீடு வீடாக வந்து அழும் இடம். காலையில் சாமி விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, கட்டுகஸ்தோட்டையில் என் கடையைத் திறக்கும்வரை சாப்பாட்டு மேசையில் எழுதுவேன். எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டுவேன். இந்த அத்தியாயத்துக்கு மட்டும் அவள் ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்கினாள்.

"பேப்பர்ல போட்ட செய்தி மாதிரி இருக்குங்க."

நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். நாடகத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசத் தெரியாது. கண்டி நகரத்து மண்டபங்களில் கதிரையில் உட்கார்ந்து பார்த்த நாடகங்கள் மனதில் ஒட்டவில்லை. தேயிலைத் தோட்டங்களில் மாசியில் ஆடும் காமன் கூத்தில் உட்கார இடமே கிடையாது. தோட்டமே ரதி வீடு, காமன் வீடு என்று இரண்டாகப் பிரிந்து பெண் கொடுத்து, பெண் எடுத்து, கடைசியில் எழவும் கொண்டாடும். எனக்கு அதுதான் நாடகம்.

அதனால் இந்த மாசியில், தெல்தோட்டைப் பக்கம் மனைவி பிறந்த தோட்டத்துக்குப் போனோம். அவளுடைய தம்பிக்குத்தான் ரதி வேஷம். காப்புக் கட்டி, கவிச்சி தொடாமல் விரதம் இருந்தான். நாங்களும் இருந்தோம். இந்த முறையாவது அத்தியாயம் கிடைக்க வேண்டும் என்று காமன் கம்பத்தைச் சுற்றி வந்து வேண்டிக்கொண்டேன்.

காமன் எரிந்த மறுநாள் காலை, வெள்ளைச் சேலையோடு மச்சினன் லயத்து வீட்டு வரிசைக்கு வந்தான். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் ஒரு சொல்லும் தப்பிவிடக் கூடாதென்று கைபேசியில் பதிந்துகொண்டு நின்றேன்.

"பாருங்கடி, வீட்டு மருமகன் எழவு வீட்டுல போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறத," என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள்.

மச்சினன் என் தோளில் விழுந்து ஒப்பாரி வைத்தான். எனக்கு அழுகை வரவில்லை. அவன் மூச்சு வாங்கும் இடத்தையும் மை கரைந்து ஓடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒப்பாரியின் நடுவே காதோரம் சொன்னான்:

"மச்சான், அழுவுறதுன்னா அழுவுங்க. இல்லாட்டி நகருங்க, பின்னுக்கு ஆளுங்க நிக்கிறாங்க."

நகர்ந்தேன். எனக்குப் பின்னால் நின்றவள் என் மனைவி. தம்பியைக் கட்டிக்கொண்டு அவள் அழுத மாதிரி ஓர் அழுகையை நான் அதற்குமுன் கண்டதே இல்லை. அவளுடைய அம்மா செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

வீடு திரும்பியதும் பதிந்ததைக் கேட்டேன். வெறும் இரைச்சல். மனைவியிடம் கேட்டேன்.

"அப்ப உனக்கு என்னதான் தோணிச்சி?"

"எழுதுறதுக்கா கேக்குறீங்க?"

"ஆமா."

"அப்ப சொல்லமாட்டேன்."

கெஞ்சியும் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நானும் எழுதி எழுதிக் கிழிக்கிறேன். ரதி வாசல்வரை வருகிறாள். அதற்குமேல் ஒரு வரி நகரமாட்டேன் என்கிறது. ஆண்டவன்மேலேயே ஆத்திரம் வருகிறது. பிறகு கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

நேற்றுப் பதிப்பாளர் மறுபடி கூப்பிட்டார். அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டே அச்சடிக்கலாம் என்றார். முடியாது, அடுத்த மாசிக்குப் பிறகு தருகிறேன் என்றேன்.

"அப்ப இந்த வருசம் புஸ்தகம் இல்ல. மாசியில போயி மறுபடி ரெக்கோட் பண்ணப் போறீங்களா?"

அழப் போகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆமாங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.