நார்வேயிலிருந்து ஒரு புள்ளி

போன ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அக்கா அடையாற்றிலிருந்து போன் செய்தாள். கீரை ஆய்வதும் அக்காவிடம் பேசுவதும் லேசில் முடிகிற காரியங்கள் அல்ல. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு முறத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"ஏய், எனக்கு ஒரு ப்ளாக் ஆரம்பிக்கணும்டி. என்ன பண்ணணும், என்ன பண்ணக்கூடாது, எல்லாத்தையும் வரிசையா சொல்லு."

"இந்தக் காலத்துல யாருக்கா ப்ளாக் எழுதறாங்க?"

"ஃபேஸ்புக்ல மாடித்தோட்டத்தைப் பத்தி நாலு வரி எழுதினா ஒருத்தரும் படிக்கறதில்ல. ஹார்ட்டு போட்டுட்டுப் போயிடறாங்க. பாவக்கா பந்தல் போட்ட கதைய எழுதறேன், கீழ ஒருத்தர் ஹேப்பி பர்த்டேன்னு போட்டிருக்கார்."

சிரித்துவிட்டேன். உடனே ஒரு வாசனை மூக்கில் ஏறியது. ஏ.சி. தண்ணீர் ஒழுகி ஊறிப்போன கார்ப்பெட்டின் நாற்றம், அதோடு பக்கத்துக் கடையில் சமோசா பொரிக்கிற எண்ணெய். மந்தைவெளி பஸ் டிப்போவுக்குப் பின்பக்கத் தெருவில் சலீம் பாய் வைத்திருந்த பிரௌசிங் சென்டர் அப்படித்தான் மணக்கும். இருபது வருடம் போல இருக்கும். எனக்கு அப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில், வந்த சேலைகளை கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. மாம்பழ நிறம், இலைப்பச்சை, வெங்காயச் சருகு என்று நாள் முழுக்க அடித்துவிட்டு, பஸ் பிடித்து மந்தைவெளி வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே போய் உட்காருவேன்.

உங்களுக்கும் ஒரு வலைப்பூ இருந்திருக்கலாம். அந்த நாளில் யாருக்குத்தான் இல்லை? என்னுடையதன் பெயர் 'மழையில் நனைந்த குருவிகள்'. அதையே ஆங்கில எழுத்தில் முகவரியாகவும் வைத்துத் தொலைத்திருந்தேன். யாருக்காவது சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் இறங்கவேண்டிய ஸ்டாப் வந்துவிடும். அதனால் அக்காவுக்கு நான் சொன்ன முதல் விஷயம், பெயர் சின்னதாக இருக்கட்டும் என்பதுதான்.

இரண்டாவது, நேராக அதிலேயே தட்டச்சு செய்யாதே, வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஏற்று. இது கரண்ட் கற்றுக்கொடுத்த பாடம். எழுதி முடித்து, கடைசி வரிக்கு ஏதாவது அழகாக வருமா என்று விட்டத்தைப் பார்க்கும்போது பார்த்து கரண்ட் போகும். இருட்டில் சலீம் பாயின் குரல் வரும்: "இன்னாம்மா, பூட்சா? சேவ் பண்ணலியா?" அவர் தமிழ் சரளமாகப் பேசுவார், படிக்க வராது. நான் என்ன எழுதுகிறேன் என்று தெரிந்துகொள்ள அவருக்கு அப்படி ஓர் ஆசை. படித்துக் காட்டினால் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நம்ம சமோசாக்காரன் வரவே மாட்றானே இதுல" என்பார்.

எழுதுவது ஒரு வேலை என்றால், பின்னூட்டம் வாங்குவது இன்னொரு வேலை. அது கல்யாண மொய் மாதிரி. நீங்கள் போய் அவர் வலைப்பூவில் 'அருமை' என்று வைத்தால், அவர் வந்து உங்களுடையதில் 'கலக்கல்' என்று வைப்பார். வைக்க மறந்தால் மனஸ்தாபம். முதல் ஆளாக வந்தவர் பதிவைப் படிக்காமலே 'நான்தான் பர்ஸ்ட்டு' என்று துண்டு போட்டுவிட்டுப் போவார். அந்தத் துண்டுக்கும் விழுந்து விழுந்து நன்றி சொல்லியிருக்கிறேன். அக்காவிடம், வருகிறவர்களுக்கு மறக்காமல் பதில் எழுது, ஆனால் அதையே தொழிலாக வைத்துக்கொள்ளாதே என்றேன். "ம், ம்" என்று எழுதிக்கொண்டாள். பேனா கீறுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

இனி புள்ளிக்கு வருகிறேன்.

அப்போது எல்லாரும் வலைப்பூவின் ஓரத்தில் ஒரு குட்டி உலக வரைபடத்தைத் தொங்கவிட்டிருந்தோம். எந்த ஊரிலிருந்து யார் வந்து படித்தாலும் அந்த ஊர் மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழும். என் வரைபடத்தில் சென்னை, பெங்களூர், துபாய் என்று எல்லாருக்கும் விழுகிற புள்ளிகள்தான் விழுந்தன. ஒன்றே ஒன்றைத் தவிர. உச்சியில், நார்வேயில், பெர்கன் என்கிற ஊரில், தினமும் ஒரு புள்ளி. நம் ஊர் மதியம் ஒரு மணிக்கு வந்து ஒரு பதிவு விடாமல் படித்துவிட்டுப் போகும். பின்னூட்டம் கிடையாது. ஒரு 'அருமை' கூடக் கிடையாது.

யாராக இருக்கும்? எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் ஊரில் மணி ஒன்று என்றால் அங்கே காலை என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, கையில் காபி, எதிரே என் வலைப்பூ. மந்தைவெளியில் பிறந்து வளர்ந்து, கட்டிக்கொண்டவரோடு அந்தக் குளிருக்குப் போன ஒரு பெண் என்று முடிவே செய்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அவளுக்காகத்தான். மாடவீதியில் இந்த வருடம் கொலுப் பொம்மை எப்படி, மார்க்கெட்டில் மாவடு வந்துவிட்டதா, லஸ் முனையில் காற்றடித்து என் குடை எப்படி மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது, எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னேன். நான்காவது குறிப்பாக அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். எல்லாருக்குமாக எழுதாதே, யாராவது ஒருத்தரை நினைத்துக்கொண்டு எழுது.

வலைப்பூ எழுதிய அந்தச் சமயத்தில் அக்காவும் நானும் பேசிக்கொள்வதில்லை. மந்தைவெளி வீட்டில் அம்மா, அவள், நான் என்று மூன்றே பேர். அவளுக்கும் எனக்கும் ஒரே அறை. சண்டைக்குக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தீபாவளிக்கு உஸ்மான் ரோட்டில் எடுத்த மயில்கழுத்து நிறத் துணி, தைத்து வந்தபோது எங்கள் இருவருக்குமே சேரவில்லை. டெய்லரிடம் அளவு கொடுத்தது யார் என்பதில் ஆரம்பித்தது, எங்கெங்கோ போய், ஒரு வருடத்துக்கு மேல் பேச்சு நின்றுவிட்டது. துணியை அம்மா தலையணை உறையாகத் தைத்துவிட்டாள். அந்தத் தலையணைகளில்தான் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுப்போம்.

பேச்சில்லை என்றால் சுத்தமாகப் பேச்சில்லை என்று அர்த்தமில்லை. அம்மா வழியாகப் பேசுவோம்.

"அம்மா, அவங்கள லைட்ட அணைக்கச் சொல்லு."

"அம்மா, அவங்களுக்கு முன்னாடி நான் எழுந்துக்கணும், அலாரம் வெச்சா வெச்சதுதான்னு சொல்லு."

அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது, நடுவுல என்னை ஏண்டி இழுக்கறீங்க?" என்பாள். இத்தனைக்கும் இரண்டு பேரும் கை நீட்டினால் தொட்டுக்கொள்கிற தூரத்தில்தான் இருப்போம்.

குடையைப் பற்றி எழுதிய வாரம், அறைக் கதவின் கொக்கியில் ஒரு புதுக் குடை தொங்கியது. "யாரும்மா வாங்கினது?" என்றதற்கு அம்மா, "வீட்டுக்கு ஒரு குடை வேணாமா?" என்றாள். நல்ல அம்மா என்று நினைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

பிறகு அக்காவுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, அவளை அறையில் தனியாகப் படுக்கவைத்தார்கள். எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போனதால் உள்ளே போகலாம். போவேன். இளநீரைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிடுவேன். அதே நாட்களில்தான் என் நார்வேப் புள்ளி காணாமல் போனது.

நான் தவித்த தவிப்பு சொல்லி முடியாது. சலீம் பாய் கதவைத் திறக்கும்போதே, "இன்னிக்காவது உன் புள்ளி வந்துச்சாம்மா?" என்பார். நான் தலையை ஆட்டுவேன். "குளிருல ஜுரம் கிரம் வந்துகினு இருக்கும். துவா பண்றேன்" என்பார். கடைசியில் பொறுக்கமுடியாமல் ஒரு பதிவே போட்டேன். 'பெர்கனில் இருக்கும் தோழிக்கு. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே வீட்டில் ஒருத்திக்கு அம்மை. முகமெல்லாம் முத்து. பார்க்கப் பாவமாக இருக்கிறது. எங்களுக்குள் பேச்சு இல்லை. அதனால் இளநீரை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். குடித்தாளா என்று மட்டும் பிறகு போய்ப் பார்த்துக்கொள்வேன்.'

அக்காவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அவள் ஆபீஸ் போக ஆரம்பித்தாள். புள்ளியும் திரும்பி வந்தது. அன்றைக்கு சென்டரில் இருந்த எல்லாருக்கும் பாய் சமோசா வாங்கிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்தால், அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, இளநீ நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."

"எந்த இளநீ? அது குடிச்சு எத்தனை நாளாச்சு?" என்றாள் அம்மா. எனக்கும் விளங்கவில்லை. அம்மை மூளைக்கு ஏறிவிட்டதோ என்று கூட நினைத்தேன். இத்தனை கெட்டிக்காரியாக இருந்துகொண்டு நானெல்லாம் நார்வேயில் ஒரு தோழியைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன், பாருங்கள்.

அடுத்த மாதம் கடற்கரையில் பதிவர் சந்திப்பு. மணலில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் புனைபெயரில் கூப்பிட்டுக்கொண்டு சுண்டல் தின்பதுதான் சந்திப்பு. அரைவேக்காடு என்ற பெயரில் எழுதியவர் பகலில் நெட்வொர்க் இன்ஜினியர். என் நார்வேப் பெருமையை அவரிடம் அளந்தேன். அவர் சுண்டலை மென்றுகொண்டே, "அது ஆள் இருக்கற இடம் இல்லீங்க. அவங்க வேலை பாக்கற கம்பெனியோட இன்டர்நெட் லைன் வெளிய வர்ற இடம். தலைமை ஆபீஸ் நார்வேயில இருந்தா, இங்க உக்காந்து படிச்சாலும் நார்வேன்னுதான் காட்டும். உங்க ஆளு நம்ம அடையாறுல கூட இருப்பாரு" என்றார்.

நான் சிரித்தேன். பஸ் ஏறும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்து அறையில் விளக்கைப் போட்டதும் எதிரே சுவரில் காலண்டர். அக்கா அடையாற்றில் வேலை பார்த்த கப்பல் கம்பெனிக் காலண்டர். பனி மலை, அதன் காலடியில் துறைமுகம், அதில் ஒரு சிவப்புக் கப்பல். படத்துக்குக் கீழே ஊரின் பெயர் போட்டிருந்தது. பெர்கன். வருடம் முழுக்க அதில்தான் நான் பால் கணக்கைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒரு மணி. அவளுடைய சாப்பாட்டு வேளை.

அக்கா முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் விட, இவள் எதையெல்லாம் படித்திருப்பாள், எந்த இடத்தில் சிரித்திருப்பாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் பெரிதாக இருந்தது. எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் வருவது நின்றுவிடுமோ என்று பயம்.

அந்த வாரம் இரண்டே வரியில் ஒரு பதிவு போட்டேன். 'ஞாயிறு சாயங்காலம் தெப்பக்குளத்துப் பக்கத்துக் கடையில் ரவா தோசை சாப்பிடப் போகிறேன். துணைக்கு ஆளில்லை.' வீட்டில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பை மாட்டும்போது அக்கா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, நானும் வர்றேன்னு சொல்லு."

"எங்கடி போறீங்க ரெண்டு பேரும்?" என்றாள் அம்மா. அதற்குள் இரண்டு பேரும் தெருவில் இறங்கிவிட்டிருந்தோம்.

ஒன்றும் பேசாமலே நடந்தோம். தோசை வந்து, பாதி உள்ளே போன பிறகு அக்கா, "சாம்பார்ல உப்பு கம்மி, இல்ல?" என்றாள். "ஆமாக்கா, கம்மிதான்" என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவ்வளவுதான், அன்றிலிருந்து இன்றுவரை பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். புள்ளியைப் பற்றி மட்டும் அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பேச ஆரம்பித்த பிறகு என்ன நடந்தாலும் சாயங்காலமே அவளிடம் சொல்லித் தீர்ந்துவிடும். எழுத ஒன்றும் மிஞ்சாது. பதிவுகள் வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகி, நின்றேவிட்டன.

இப்போது அந்தப் பக்கத்துக்குப் போனால், படங்கள் இருந்த இடத்தில் வெறும் பெட்டிகள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று நான் படங்களை ஏற்றி வைத்திருந்த தளம் மூடிவிட்டது. பின்னூட்டம் போட்டவர்களின் பெயரைத் தட்டினால் எதுவும் திறப்பதில்லை. பாயின் சென்டர் போய் அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். அதனால், "எழுதறதோட இன்னொரு நகல் எப்பவும் உன்கிட்ட இருக்கட்டும்கா. இலவசமா ஓரத்துல ஒட்டறதையெல்லாம் நம்பாத, அதுதான் முதல்ல போகும்" என்று கடைசிக் குறிப்பையும் சொல்லி முடித்தேன். கீரையும் ஆய்ந்து முடிந்திருந்தது.

"சரி, அந்த மேப்ப எப்படி வைக்கறது?" என்றாள் அக்கா.

"எந்த மேப்பு?"

"உன் ப்ளாக்ல வலது பக்கம் இருந்துச்சே, செவப்புப் புள்ளி விழுமே."

இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சொல்கிறாள், எதுவும் நடக்காத மாதிரி.

"அதை மூடிட்டாங்கக்கா. இப்ப அதெல்லாம் இல்ல."

அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம் நின்றது.

"அப்போ நீ வந்து படிச்சியா இல்லையான்னு எனக்கு எப்படிடீ தெரியும்?"