சொல்லிவிட்டு உயர்த்திய கை

நகரசபைச் சேர்மன் தம்பையா கல் கிண்டுவதற்கு ஒரு தடவைகூடக் கை உயர்த்தாதவர் என்று செத்தவீட்டுப் பந்தலில் ஒருவர் பேசினார். ஒரு தடவை உயர்த்தியதைக் கண்டவள் நான். அதை அங்கே சொல்லவில்லை. பெண்கள் இருந்த பாயில் அவருடைய ஒரே மகள் வசந்திக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்த வசனம் ஒலிபெருக்கியில் வந்ததும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் குத்துவிளக்கைப் பார்த்தேன். சிறிது நேரத்தில் ஆமியின் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது. பேச்சை அதோடு நிறுத்தி, அவசரமாகப் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டோம்.

அன்று காலை செய்தி நான் வேலை செய்யும் நூலகத்துக்கு வந்தது. பத்திரிகை வாசிக்க வருகிற ஒருவர் சைக்கிளை விட்டு இறங்காமலே, "பூட்டு பிள்ளை. சேர்மன் மோசம் போயிட்டார்" என்றார். பூட்டினேன். பாதி வழி போய்த் திரும்பி வந்து மறுபடி திறந்தேன். ஏன் என்று இன்றும் தெரியாது. பத்திரிகை மேசைகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பவும் பூட்டினேன்.

அந்த மேசைகளில்தான் நகரசபைக் கூட்டம் நடக்கும். சபைக்கென்று மண்டபம் இல்லாததால் மாதத்தில் ஒருநாள் பத்திரிகைகளை ஒதுக்கி வைத்துவிட்டு உறுப்பினர்கள் இருப்பார்கள். கடைசியில் கதவு பூட்ட வேண்டியவள் என்பதால் நான் அலுமாரிகளுக்குப் பின்னால் ஏதாவது வாசித்துக்கொண்டிருப்பேன். உண்மையில் பெரும்பாலும் அவர்கள் கதைப்பதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் கல்லுக்குக் கை உயர்த்தியதையும் அப்படித்தான் கண்டேன். எங்கள் ஊரில் இரண்டடி மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அதற்குள் நிற்கிற நல்ல தண்ணீர் கடல்நீரின்மேல் மெல்லிதாக மிதக்கிறது. கல்லை ஆழமாகக் கிண்டினால் உவர் மேலே வரும். இது எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்புச் சூளை முதலாளி மேற்குத் தெருவில் கல் கிண்ட அனுமதி கேட்டார். வாக்கு இரண்டு பக்கமும் சமமாக நின்றது. சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கையை உயர்த்தினார். அனுமதி நிறைவேறியது.

அந்தக் கல்லை ஏற்றப் போகிற லொறியில் அவருக்கு அரைப் பங்கு இருந்தது. அதுவும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை ஏன் சொல்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன. எல்லோருக்கும் தெரிந்திருப்பதே எல்லோரும் சம்மதித்தது போல ஆகிவிடுகிறது.

அடுத்த பங்குனிக் கூட்டத்துக்கு மேற்குத் தெரு அன்னம்மாக்கா ஒரு கேத்தில் தேநீரோடு வந்தார். கூப்பிட்டவர் யாருமில்லை. ஒவ்வொருவர் முன்னும் கோப்பை வைத்து ஊற்றினார்.

"என்ன அன்னம்மா, விசேஷமோ?"

"ஓம் ஐயா. குடியுங்கோ. எங்கடை கிணத்துத் தண்ணி."

உவர்த் தண்ணீரில் பால் திரைந்து கட்டி கட்டியாக மிதந்தது. உறுப்பினர் ஒருவர் வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சீனி காணாதோ?" என்று கேட்டார் அன்னம்மாக்கா. "சூளைக்குச் சொல்லிவிடுங்கோ, அவை ஒரு லொறி கொண்டுவந்து பறிப்பினம்."

யாரோ சிரித்தார்கள். சேர்மன் சிரிக்கவில்லை. கோப்பையை எடுத்து ஆறுதலாக, கட்டிகளோடு சேர்த்து, அடிமட்டும் குடித்தார். பிறகு கோப்பையை அன்னம்மாக்காவின் கையிலேயே கொடுத்தார். "பிழை என்னிலைதான்" என்றார். அன்னம்மாக்கா கேத்திலைத் தூக்கிக்கொண்டு, "உதைக் கொண்டுபோய் நான் சோறு காய்ச்சேலுமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது விண்ணப்பம் வைகாசியில் வந்தது. இம்முறை எங்கள் தெரு. காணி சேர்மனின் மனைவி பரமேசுவரி மாமியின் சீதனம். சேர்மன் எழுந்து நின்றார். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"இந்தக் காணி என்ரை மனிசியின்ரை. கல்லு ஏத்திற லொறியிலை எனக்கு அரைப் பங்கு. போனமுறை ஊருக்குத் தெரியும்தானே எண்டு பேசாமல் இருந்திட்டன். ஊருக்குத் தெரியிறது வேறை, நான் வாய் திறந்து சொல்லுறது வேறை. இப்ப சொல்லிப்போட்டன். நான் இதுக்கு எதிர்."

"சொந்தம் இருந்தா வாக்களிக்கப்படாது, சேர்மன். வெளியிலை போய் நிண்டிருக்க வேணும்" என்றார் ஓர் உறுப்பினர்.

"நான் வெளியிலை நிண்டா உது நிறைவேறிப்போம்."

"அப்ப இண்டைக்கு வீட்டிலை சோறு கிடையாது."

"கடையிலை சாப்பிடுவன்."

எதிராகக் கையை உயர்த்தினார். விண்ணப்பம் தோற்றது. அந்த உறுப்பினர் சொன்னது சட்டப்படி சரி. சேர்மன் செய்தது எங்கள் கிணறுகளுக்குச் சரி. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துப் பார்க்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவிவிடுகிறது. அடுத்த மாதமே அவர் லொறிப் பங்கை விற்றுவிட்டார் என்று வசந்தி சொன்னாள். வாங்கியவர் சூளை முதலாளி.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு சபை ஒழுங்காகக் கூடவில்லை. பிறகு கூடவே இல்லை. கல் கிண்ட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று ஆனது. முதலாளி நேரே பரமேசுவரி மாமியிடம் வந்தார். எங்கள் தேசவழமைச் சட்டத்தில் சீதனக் காணி மனைவிக்கே உரியது. ஆனால் புருஷன் கையெழுத்து வைக்காமல் அவள் அதை விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. சபையில் எதிராக உயர்த்திய அதே கையால் வீட்டில் அவர் பேனா எடுக்கவில்லை.

ஒரு பின்னேரம் வசந்தியோடு குசினியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். மாமி அடுப்பில் அகப்பையை அடித்து வைத்தார்.

"என்ரை ஐயா எனக்கு எழுதித் தந்த காணி. இந்த மனிசன்ரை கையெழுத்தில்லாமல் ஒரு கடகம் மண் விக்கேலாதாம். பிள்ளைக்கு வயசு போகுது. சபை கலைஞ்சாப்பிறகும் என்ரை காணிக்குள்ளை சபை நடத்திறார்!"

விறாந்தையிலிருந்து அவருடைய குரல் வந்தது. "சபை நடந்தா நீதான் வெல்லுவாய். ரெண்டுக்கு ஒண்டு."

"என்னைச் சேர்க்காதையுங்கோ" என்றாள் வசந்தி, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் வாக்களிக்கேல்லை."

அவர் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. அதுவரை சபையில் அவர் உயர்த்திய கையை மட்டுமே நினைத்து மதித்து வந்தேன். அந்தக் கை ஒரு பெண்ணின் காணியின்மேல் நின்றது என்பதையும், அவரிடம் கேட்க மாமிக்கு ஒரு கூட்டமோ ஒரு மேசையோ இருக்கவில்லை என்பதையும் அன்றைக்குத்தான் கண்டேன். சீதனக் காசு காணாமல் வசந்திக்கு இரண்டு கலியாணப் பேச்சுகள் வந்து திரும்பிப் போயின. அவர் வாசலில் நின்று மரியாதையாக வழியனுப்பினார். அதில் அவருக்கு நோகவில்லை என்று நினைப்பவர்கள், வந்தவர்கள் போனபின் வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றதைக் காணாதவர்கள்.

அவருடைய ஆண்டுத் திவச நினைவு மலருக்கு எழுதித் தரும்படி வசந்தி கேட்டபோது நான் தயங்கினேன். "அப்பாவைக் கடவுளாக்கிப் போடாதை. அது பந்தலிலை ஆக்கியாச்சு" என்றாள். மாமியைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது என்றேன். உள்ளேயிருந்து மாமியே வந்தார். "எழுது பிள்ளை. நான் ஆரின்ரை காணியையும் களவெடுக்கேல்லை. என்ரையைத்தான் குடுத்தனான்." அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

அவரை அறிந்தவர்களே, நீங்கள் அவருடைய நேர்மையைச் சொல்வீர்கள், சிலர் பிடிவாதத்தைச் சொல்வீர்கள். நான் வைத்திருப்பது அவர் எழுந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தை. கை உயர்த்துமுன், தன் மடியில் இருப்பதை உரக்கச் சொல்லிவிட்டு உயர்த்திய அந்த முறையை. ஆகவே நானும் சொல்லிவிடுகிறேன். மாமியின் காணிக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். எங்கள் கிணறு வேலிக்கு இந்தப் பக்கம். அவர் பேனா எடுக்காத மூன்று வருடமும் அதில் நல்ல தண்ணீர் குடித்தவள் நான். என் புகழ்ச்சியை அந்தக் கணக்கோடு சேர்த்து வாசியுங்கள்.

போன சித்திரையில் அவர் மறைந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை கீரிமலையில் முடிந்தது. மறுவாரம் பரமேசுவரி மாமி உறுதி எழுதும் நொத்தாரிசின் முன் தனியாகப் போய்க் காணிக்குக் கையெழுத்து வைத்தார். கல் கிண்டினார்கள். திவசம் கழிய, வருகிற வைகாசியில் வசந்திக்குக் கலியாணம்.

இந்தப் பங்குனியில் எங்கள் வீட்டில் பால் திரைந்தது.